கீரை ராத்திரியில் ஆகாது

போனில் பேசும்போது என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. இந்த அரபு நாட்டில், முவைலாவில் எங்கள் ஃப்ளாட் ஒன்றும் அரண்மனை இல்லை. ஹாலில் தொடங்கி, சமையலறையைத் தொட்டு, படுக்கையறை வழியாகப் பால்கனிக்குப் போய்த் திரும்பினால் வீடு முடிந்துவிடும். மகள் கூப்பிட்டாளென்றால் அந்தத் தடத்தில் செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டிருப்பேன். "அம்மா, நீங்க நடக்கறது இங்க கேக்குது, உக்காருங்க" என்பாள். உட்கார்ந்தால் எனக்குப் பேச்சு வராது.

ஒரே மகள். இங்கேயே பிறந்து, இங்கேயே பள்ளி முடித்து, கல்லூரிக்குக் கனடா போனவள். படிப்பு முடிந்ததும் அங்கே ஒரு சின்ன ஊரின் நகராட்சியில் வேலை கிடைத்தது. நகராட்சி என்றதும் தண்ணீர் வரி, குப்பை வண்டி என்று நினைத்துக்கொண்டு நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிவிட்டேன். அப்புறம்தான் எந்தப் பிரிவு என்று கேட்டேன். கஞ்சாப் பிரிவு என்றாள்.

அந்த நாட்டில் அது விற்பதும் வாங்குவதும் சட்டப்படி சரி. ஆனால் கடை பள்ளிக்கூடத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும், எப்போது சாத்த வேண்டும், வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுப்பவர் வாசலில் நிற்பவரின் வயதை எப்படிச் சரிபார்க்க வேண்டும் என்பதற்கெல்லாம் விதி வேண்டுமே. அவள் ஊரில் அதை எழுதும் மேசை அவளுடையது. வீட்டில் நாலு செடி வரை வளர்த்துக்கொள்ளலாமாம். பக்கத்து வீட்டில் நாலுக்கு மேல் நிற்கிறது, வாடை தாங்கவில்லை என்று யாராவது புகார் கொடுத்தால், கொல்லைப்புறம் போய்ச் செடியை எண்ணிவிட்டு வருவதும் அவள்தான். பணம் கட்டி நகரத் திட்டமிடல் படிக்க வைத்தது செடி எண்ணுவதற்கா என்று கேட்டேன். யாராவது எண்ணித்தானே ஆகவேண்டும் என்றாள்.

என்னைப் பயமுறுத்தியது அந்த வேலை அல்ல. அந்தச் சொல்லை அவள் போனில் வெண்டைக்காய், கத்தரிக்காய் மாதிரி சர்வசாதாரணமாகச் சொன்னதுதான். நாங்கள் இருக்கும் ஊர் அப்படி. ஊரிலிருந்து வருகிறவர்களிடம் மறக்காமல் சொல்லுகிற முதல் பேச்சே கசகசா கொண்டு வராதீர்கள், இங்கே அதுவே போதைப்பொருள் கணக்கு என்பதுதான். குருமாவுக்குப் போடுகிற கசகசாவுக்கே இந்தப் பாடு. இதில் இவள் மாதக்கணக்கில் கஞ்சா, கஞ்சா என்று காதில் ஓதிக்கொண்டிருந்தால் யார் கேட்கிறார்கள், யார் கேட்கவில்லை என்று யாருக்குத் தெரியும்? பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே என்று சும்மாவா சொன்னார்கள்.

அதனால் ஒருநாள் ஒரே அடியாகச் சொல்லிவிட்டேன். இனிமேல் இந்த வீட்டுப் போனில் அந்தப் பெயர் வரக் கூடாது, கீரை என்று சொல்.

அவளுக்கு அது பெரிய வேடிக்கையாகிவிட்டது. கீரைக் கடை, கீரை டெலிவரி, கீரைப் புகார். இன்றைக்கு நகர்மன்றத்தில் கீரைக்காகப் பெரிய சண்டை, ஒரு பாட்டியம்மா காயப்போட்ட துணியிலெல்லாம் பக்கத்து வீட்டுக் கீரை வாடை அடிக்கிறது என்று ஒரு பையில் துணியைக் கொண்டுவந்து எல்லோரையும் மோந்து பார்க்கச் சொன்னார் என்று சிரிப்பாள். அங்கே வெளியில் துணி காயப்போட விடுகிறார்களே, அதுவே பெரிது என்று நான் சொல்வேன். எங்கள் ஊர் நகராட்சி பால்கனிக் கம்பியில் ஒரு துண்டு தொங்கினாலும் அபராதம் போடும். ஒவ்வொரு நகராட்சிக்கும் ஒவ்வொரு கவலை.

இப்போது நிஜக் கீரைக்கு வருகிறேன். கோபிசெட்டிபாளையம் பக்கம் பிறந்தவளுக்குப் புளிச்சக்கீரை இல்லாமல் நாக்கு செத்துப்போகும். கீரையோடு சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய், கொத்தமல்லி விதை போட்டு வேகவைத்து, மத்தால் கடைந்து, சோற்றில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்தால் வேறு ஒன்றும் வேண்டாம். இங்கே கடையில் வருவது என்றைக்கோ பறித்து வாடியது. அந்த வருஷம் லீவுக்குப் போனபோது கொஞ்சம் விதை கொண்டுவந்து, வெயில் சற்றுத் தணிந்ததும் பால்கனித் தொட்டிகளில் ஊன்றினேன். மளமளவென்று வந்தது. அடியில் இலை சாதாரணமாக இருக்கும். மேலே போகப் போகக் கை விரல்களை விரித்த மாதிரி ஐந்தாகப் பிரியும், ஓரமெல்லாம் ரம்பப் பல். அந்த இலையைப் பார்த்துத்தான் நான் வளர்ந்தேன். அது வேறு எதையாவது மாதிரி இருக்கும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

எங்கள் கட்டட வாட்ச்மேனுக்குத் தோன்றியது. பெஷாவர் பக்கத்துக்காரர், சாதுவான மனிதர். ஏ.சி. தண்ணீர் ஒழுகுகிறது என்று பார்க்க வந்தவர், பால்கனிக் கதவைத் திறந்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"பாபி," என்றார் மெதுவாக. "யே தோ பாங் ஹே."

பாங் என்றால் கஞ்சா என்பது எனக்குத் தெரியும். தலையில் தண்ணீர் ஊற்றிய மாதிரி ஆகிவிட்டது. எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் இது சாப்பிடுகிற சாமான், பூ மஞ்சளாகப் பூக்கும், உள்ளே சிவப்பாக இருக்கும் என்று என்னென்னவோ சொன்னேன். அவர் நம்பவில்லை. ஒரு இலையைக் கிள்ளி என் வாயில் போட்டு மென்றேன். இன்னொன்றை அவரிடம் நீட்டினேன். அவர் தயங்கித் தயங்கி மென்று, முகத்தைச் சுளித்து, "கட்டா ஹே" என்றார். புளிக்கிறதாம். அதன் பெயரே அதுதானே ஐயா என்று தமிழிலேயே சொன்னேன். சிரித்துவிட்டுப் போனார். போகும்போது மட்டும், எதிர்க் கட்டடத்துக்காரர்கள் இலையைத் தின்று பார்க்க மாட்டார்கள், தூரத்திலிருந்துதான் பார்ப்பார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து நிம்மதி போயிற்று. எதிர்க் கட்டடத்தில் யாராவது ஜன்னலைத் திறந்தால் நான் பால்கனியில் போய் நிற்பேன். தொட்டிகளுக்கு முன்னால் ஒரு பழைய பெட்ஷீட்டைக் கட்டினேன். துணி தொங்கினால் அபராதம் என்று ஞாபகம் வந்து அவிழ்த்தேன். மகளிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாள். "எங்க ஊர் ரூலே அதாம்மா, தெருவுக்குத் தெரியக் கூடாது. நீங்க எத்தன செடி வெச்சிருக்கீங்க? நான் வந்து எண்ணட்டுமா?" என்றாள்.

என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. அவருக்கு மலைக்கு அந்தப் பக்கம் புஜைராவில் எண்ணெய்க் கிடங்கில் வேலை. வாரம் முழுக்க அங்கே கம்பெனி ரூமில் இருந்துவிட்டு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வருவார். தீக்குச்சிகூடக் கொண்டுபோக முடியாத இடத்தில் இத்தனை வருஷம் இருந்தவர், விதி என்றால் அவருக்கு மூச்சு மாதிரி. செடியைப் பிடுங்கிப் போடு என்றார். நான் மாட்டேன் என்றேன். என்ன தப்பு செய்தேன் நான், கீரைதானே வளர்க்கிறேன் என்று கத்தினேன். தப்பு செய்தாயா என்று யாரும் கேட்கப் போவதில்லை, முதலில் கூட்டிக்கொண்டு போவார்கள், அப்புறம்தான் கேட்பார்கள் என்றார். அவர் பேச்சு எப்போதும் அப்படித்தான், சுருக்கென்று இருக்கும், பதில் சொல்ல இடம் இருக்காது. ஆனாலும் நான் பிடுங்கவில்லை.

இந்தக் களேபரத்துக்கு நடுவில்தான் ஒரு வெள்ளிக்கிழமை அவள் கூப்பிட்டாள். நான் மத்தும் கையுமாக நடந்துகொண்டிருந்தேன். என்ன சமையல் என்றாள். புளிச்சக்கீரை என்றேன். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும். நானும் கொஞ்ச நாளா கீரை எடுத்துக்கறேன். ராத்திரி மட்டும் கொஞ்சூண்டு. அதுல தூக்கம் வருது."

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. கீரை என்றால் தட்டைத் தள்ளிவிட்டு ஓடுகிற பிள்ளை. ஒரு வாய் ஊட்ட இந்த ஃப்ளாட் முழுக்க அவள் பின்னால் ஓடியிருக்கிறேன். அங்கே போய்த் தானாகவே கீரை தின்கிறாள் என்றால் பெற்ற மனம் குளிராதா?

"அதைச் சொல்ல எதுக்கு கண்ணு இத்தன தயங்கறே?" என்றேன். "கீரை திங்கறதுல என்ன தப்பு? யாருக்குப் பயந்துட்டு? நல்லாத் தின்னு. ஆனா ராத்திரி வேண்டாம் சாமி. கீரை ராத்திரியில ஆகாது. பகல்ல தின்னு."

அவள் பக்கத்திலிருந்து ஒரு மாதிரி சிரிப்பு வந்தது, அழுகையும் சேர்ந்த மாதிரி. பகலில் ஆபீஸ் இருக்கிறதே என்றாள். ஆபீசில் டப்பாவில் கொண்டுபோய்த் தின்றால் யார் என்ன சொல்வார்கள் என்றேன். அதற்கும் சிரித்தாள். அப்பாவிடம் மட்டும் சொல்ல வேண்டாம் என்றாள். அவர் கேலி செய்வார் என்று கூச்சப்படுகிறாள் என நினைத்துக்கொண்டேன். போனை வைக்கும்போது, "நீங்க இப்படிச் சொல்லுவீங்கன்னு நான் நெனைக்கவே இல்லைம்மா" என்றாள். கீரைக்கு இவ்வளவு உருக்கமா என்று ஒரு நொடி தோன்றியது. அடுப்பில் சட்டி இருந்தது, அந்த நினைப்பு அதோடு போயிற்று.

டிசம்பர் விடுமுறைக்கு வருவதாக டிக்கெட் போட்டாள். மூன்று வருஷம் கழித்து வருகிறாள். அந்த நிமிஷத்திலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அவள் அறையைக் கழுவினேன், மறுநாளே மறுபடியும் கழுவினேன். அவள் அப்பாவுக்கு வேறு கவலை. அவள் வேலை நிமித்தமாக அந்தச் செடிகளுக்குள் போய்வருகிறவள், துணியிலோ செருப்பிலோ ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டு வந்தால் என்ன செய்வது என்றார். ஆபீசுக்குப் போட்ட ஷூ வேண்டாம், அந்தப் பை வேண்டாம், புதுப் பெட்டி வாங்கிக்கொண்டு வரட்டும் என்று தினமும் ஒன்று சொல்வார். நான் அதை அவளுக்குக் கடத்துவேன். சரி, சரி என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு ஒருநாள் சாயங்காலம், அவளுக்கு அங்கே காலை, கூப்பிட்டுக் கேட்டாள்.

"அம்மா, அப்பா கம்பெனில டெஸ்ட் எடுப்பாங்கல்ல. கீரைய நிறுத்தி எத்தன நாளானா ஒடம்புல இல்லாம போகும்னு அவருக்குத் தெரியுமா? எனக்குன்னு சொல்லாம கேட்டுச் சொல்றீங்களா?"

நான் அப்போது பால்கனியில் இருந்தேன். எதிரே என் செடிகள் ஐந்து விரலையும் விரித்துக்கொண்டு நின்றன. எந்தக் கீரை என்று கேட்க வாய் திறந்தேன். திறந்த வாயிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. ராத்திரி மட்டும், கொஞ்சூண்டு, தூக்கம் வருது, அப்பாகிட்ட சொல்ல வேண்டாம். ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து என் முன்னால் நின்றது. கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

கோபம் வந்தது. முதலில் அவள் மேல், அப்புறம் அந்த ஊர் மேல், அப்புறம் இந்தப் பெயரை வைத்த என் மேல். எத்தனையோ காய் இருக்க, கீரை என்றா வைக்க வேண்டும்? கோபம் போனதும் பயம் வந்தது, அது போகவில்லை. கையில் எதுவும் இல்லாவிட்டாலும் இங்கே ரத்தத்தில் இருந்தாலே போதும், உள்ளே தள்ளிவிடுவார்கள் என்று இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவள் பெட்டியைக் கழுவலாம், செருப்பை எரிக்கலாம். ரத்தத்தை எங்கே கழுவுவது?

அவர் வரும்வரை பொறுக்கவில்லை. மறுநாள் பஸ் ஏறிப் புஜைராவுக்கே போய்விட்டேன். மலையைக் குடைந்த பாதையில் பஸ் போகும்போதெல்லாம் எப்படிக் கேட்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். என்னைப் பார்த்ததும் அவர் பயந்துவிட்டார். வாட்ச்மேன் ஏதோ கேட்டார், அதனால் கேட்கிறேன் என்று ஆரம்பித்தேன். அவர் நிதானமாகச் சொன்னார். ஆளுக்கு ஆள் மாறும், எப்போதோ ஒருமுறை என்றால் சீக்கிரம் போய்விடும், தினமும் எடுக்கிற உடம்பில் எத்தனை நாள் தங்கும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அவர் செக்‌ஷனிலேயே ஒரு பையன் லீவு முடிந்து வந்தவன் டெஸ்டில் மாட்டிக்கொண்டான், கலாஸ், கதை முடிந்தது, அதோடு அவனை யாரும் பார்க்கவில்லை. இவ்வளவையும் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

"வாட்ச்மேன் இதுக்கா உன்னை இவ்வளவு தூரம் அனுப்பிச்சாரு?" என்றார்.

நான் துறைமுகத்துப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. பஸ் ஏற்றிவிடும்போது மட்டும், ஜன்னல் பக்கம் வந்து, டிக்கெட் போனால் போகிறது என்று சொன்னார்.

அந்த வாரம் முழுக்க நான் நடந்தேன். ஹால், சமையலறை, படுக்கையறை, பால்கனி. அவளை நிறுத்தச் சொல்லி வரச் சொல்லலாமா? நாள் போதுமா போதாதா என்று யாருக்கும் தெரியாத கணக்கை நம்பி ஒரு பிள்ளையை விமானத்தில் ஏற்ற முடியுமா? விளக்கம் கேட்டால் என்ன சொல்வாள், எங்கள் ஊரில் இதற்கு விதியே நான்தான் எழுதுகிறேன் என்பாளா? இன்னொன்றும் குடைந்துகொண்டே இருந்தது. அந்தப் பிள்ளை தன் மனதில் இருந்ததைத் திறந்து சொன்னது. நான் வாழ்த்தினேன். என் அம்மா என்னைப் புரிந்துகொண்டாள் என்று இத்தனை நாளாக நம்பிக்கொண்டிருக்கிறது. எனக்குப் புரிந்ததோ புளிச்சக்கீரை.

எங்கள் பக்கத்தில் யார் வீட்டைவிட்டுக் கிளம்பினாலும் போ என்று சொல்ல மாட்டோம், போய்ட்டு வா என்போம். சண்டைக்காரனையே வராதே என்று சொல்ல நாக்குக் கூசும். அந்தச் சொல்லைத்தான் நான் பெற்ற பிள்ளையிடம் சொன்னேன்.

"இந்தத் தடவ வராதே கண்ணு," என்றேன்.

அப்பாவுக்குத் தெரிந்துவிட்டதா என்றாள். தெரியாத மாதிரிதான் இருக்கிறார் என்றேன். இன்றே நிறுத்திவிடுகிறேன், இன்னும் நாள் இருக்கிறதே என்றாள். படபடவென்று நிறுத்த வேண்டாம், அங்கே டாக்டரைப் பார், அவர் சொல்கிற மாதிரி செய், உடம்பு சுத்தமானதும் வா, இல்லாவிட்டால் நாங்கள் வருகிறோம் என்றேன். சொல்லிக்கொண்டே நடந்தேன். குரல் நடுங்கியது, நடப்பதால்தான் நடுங்குகிறது என்று அவள் நினைத்துக்கொள்ளட்டும் என்று இன்னும் வேகமாக நடந்தேன்.

"சரிம்மா," என்றாள். மூக்கை உறிஞ்சினாள். பிறகு, "ஒண்ணு கேக்கட்டுமா? அன்னிக்கு நான் சொன்னப்ப, நெசமாவே புரிஞ்சுதான் சொன்னீங்களா? இல்ல, நீங்க பாட்டுக்கு..." என்று நிறுத்திவிட்டாள். "கீரை ராத்திரியில ஆகாதுன்னு வேற சொன்னீங்க."

சமையலறை வாசலில் நின்றுவிட்டேன். இல்லை கண்ணு, எனக்குப் புரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். உண்மை அதுதான். ஆனால் அதைச் சொன்னால், அன்றைக்கு அவள் சிரித்த அந்தச் சிரிப்பை நான் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்.

"புரியாமத்தான் சொல்லுவனா?" என்றேன். "எந்தக் கீரையா இருந்தா என்ன சாமி, ராத்திரியில ஆகாதுதான்."

அவள் சிரித்தாள். நம்பிச் சிரித்தாளா, நம்பாமல் எனக்காகச் சிரித்தாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் கொஞ்சநேரம் விடாமல் சிரித்தாள். அவள் ஓயும்வரை காத்திருந்தேன். பெட்டி, செருப்பு, துணி, டெஸ்ட் என்று எல்லாவற்றையும் பேசி முடித்திருந்தோம். நான் கேட்காத கேள்வி ஒன்றுதான் பாக்கி இருந்தது.

"அதெல்லாம் கெடக்கட்டும். உனக்கு எதுக்குக் கண்ணு தூக்கம் வர மாட்டேங்குது?"

பதில் வரவில்லை. வேறு நாளாக இருந்தால் அந்த இடைவெளியை நானே ஏதாவது பேசி நிரப்பியிருப்பேன், இரண்டு சுற்று நடந்தும் இருப்பேன். அன்று சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். நாற்காலி இழுபட்ட சத்தம் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"உக்காந்துட்டீங்களா?" என்றாள்.

ஆமாம் என்றேன். அவள் சொல்ல ஆரம்பித்தாள்.